எழுபத்தெட்டு என்று போட்ட கையெழுத்து

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்குப் பள்ளம் தெரிந்தால் ஆகாது. முப்பத்திரண்டு வருஷம் இந்த மலையில்தான் வேலை பார்த்தேன், இன்னும் ஆகாது. பிறந்தது நாசரேத். அங்கே ஏது மலை, ஏது பள்ளம்.

கோயம்புத்தூர் வரைக்குமா? நான் பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்கிவிடுவேன். அங்கே ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது, மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கமிட்டி. நான் போய்ப் பேசினால்தான் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைக்குமாம். பிள்ளை என்ன பிள்ளை, அவளுக்கே நாற்பத்து நாலு வயசு. பரிமளகாந்தி என்று பேர். என் மாணவி. அவள் மேல் ஒரு பழைய தப்பு இருக்கிறது. அதை மன்னித்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும். அறுபத்து மூன்று வயசில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, குன்னூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இப்போதுதான் இடம் கிடைத்தது. யார் செய்வார்கள் சொல்லுங்கள்.

என்ன பாடமா? பாடம் இல்லை. நான் காலேஜில் பி.டி. மாஸ்டர். கோல்ஃப் கோச். சிரிக்காதீர்கள் தம்பி. எல்லாரும் இந்த இடத்தில் சிரிக்கிறார்கள்.

நான் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்தது வாலிபால் ஒன்றுதான். முதல் வருஷமே பிரின்சிபால் கனகசபாபதி கூப்பிட்டார். நல்ல மனுஷன், கணக்குப் பேராசிரியர்.

"ஜெபசிங், உமக்கு கோல்ஃப் தெரியுமா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. ஆனா மண்டலப் போட்டிக்கு நாலே நாலு காலேஜ்தான் டீம் அனுப்புது. நாம போனா அஞ்சு. ரெண்டு பேரு வராமப் போனா நாம மூணாவது. யோசிச்சுப் பாரும்."

இப்படித்தான் ஆரம்பித்தது. லைப்ரரியில் ஒரு புத்தகம் இருந்தது, வெள்ளைக்காரன் காலத்தது. அதைப் படித்துத்தான் நான் கற்றுக்கொண்டேன், படித்துத்தான் கற்றுக்கொடுத்தேன். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தேன். குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு எப்படித் தட்ட வேண்டும் என்கிற அத்தியாயத்தை மட்டும் யாரோ கிழித்திருந்தார்கள். அதனால் எங்கள் பையன்கள் தூரமாக அடிப்பார்கள், பிரமாதமாக அடிப்பார்கள். குழிக்கு மூன்றடி முன்னால் வந்து நின்றுகொண்டு ஆறு தடவை தட்டுவார்கள்.

பிரின்சிபால் சொன்னது அப்படியே நடந்தது. அந்த வருஷம் மூன்று அணிதான் வந்தது. நாங்கள் மூன்றாவது. வெண்கலம்! ஊருக்குள் பேண்டு வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். எத்தனை அணி என்று யாரும் கேட்கவில்லை, நானாக ஏன் சொல்ல வேண்டும்?

மொத்தம் பதினோரு பதக்கம் தம்பி. ஆறு வெண்கலம், ஐந்து வெள்ளி. அதில் ஒரு வெள்ளி, எதிரணி பஸ் வழியில் நின்றுபோனதால் வந்தது, அதுவும் கணக்குத்தானே. தங்கம் மட்டும் வரவில்லை. வந்திருக்கும். வந்தது. ஒரு கால் மணி நேரம் எங்களிடம் இருந்தது.

அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்களுக்கென்று சொந்த மைதானம் கிடையாது. ஊரில் இருந்த கிளப் மைதானத்தில் காலையில் இரண்டு மணி நேரம் விடுவார்கள். அங்கே காட்டெருமை வந்து நிற்கும். அது நகர்ந்து போகிற வரைக்கும் மட்டையை ஊன்றிக்கொண்டு நாங்களும் நிற்போம். அதன் குளம்பு பதிந்த பள்ளத்தில் பந்து விழுந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஆடலாம் என்று அந்த ஊருக்கே தனியாக ஒரு விதி. அந்த மைதானத்தில் சிங்காரம் என்று ஒரு கேடி. ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவனுக்கு கேடி என்று பேர். அவன் மகள்தான் இந்தப் பரிமளகாந்தி. எங்கள் காலேஜிலேயே பி.ஏ. வரலாறு சேர்ந்திருந்தாள். ஒரு நாள் அப்பனுக்குக் காய்ச்சல் என்று அவள் பை தூக்க வந்தாள். நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க பிடிக்கிறது மண்வெட்டி பிடிக்கிற மாதிரி இருக்கு."

பையன்கள் சிரித்துவிட்டார்கள். "எங்கே, நீ பிடி பார்ப்போம்" என்றேன். பிடித்தாள். அடித்தாள். பந்து போன இடத்தைத் தேடவே ஒரு பையனை அனுப்ப வேண்டியிருந்தது.

அவளை நான்தான் உருவாக்கினேன் தம்பி. அதாவது, வரும்போதே ஆடத் தெரிந்துதான் வந்தாள். ஆனால் டீமில் எடுத்தது யார்? பெண்கள் அணி என்று ஒன்று வேண்டும் என்று பிரின்சிபாலிடம் போய் நின்றது யார்? ராணுவ அதிகாரி மகள் ஒருத்தி, பேக்கரிக்காரர் மகள் ஒருத்தி, இவள். மூன்று பேர். மற்ற இரண்டு பேருக்கும் அவளே சொல்லிக்கொடுத்தாள். நான் மேற்பார்வை. கிழிந்துபோன அத்தியாயம்கூட அவளைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. அது வேறு விஷயம்.

தொண்ணூற்றெட்டு ஜனவரி. பெங்களூரில் போட்டி. ஐந்து காலேஜ், உண்மையாகவே ஐந்து. இரண்டு நாள் ஆட்டம், மூன்று பேர் அடித்த அடியையும் கூட்டிப் பார்ப்பார்கள். குறைவாக அடித்த அணிக்குத்தான் வெற்றி. முதல் நாள் முடிவில் நாங்கள்தான் முன்னால். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். எனக்கு அப்போது பதினோரு வருஷமாகத் தற்காலிகப் பணி. ஒவ்வொரு ஜூன் மாசமும் புது ஆர்டர் வர வேண்டும், வராமல் போனாலும் கேட்க முடியாது. நிரந்தரம் பண்ணச் சொல்லி என் ஃபைல் காலேஜ் செயலாளர் மேஜையில் கிடந்தது. பிரின்சிபால் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: "ஒரு தங்கம் கொண்டு வந்துடும். மிச்சத்தை நான் பேசிக்கிறேன்." எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது.

அவளுக்கும் அந்தத் தங்கம் தேவைதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் எங்கோ சேரலாம், வேலைக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த விளையாட்டில் ஒரு வேடிக்கை பாருங்கள். அம்பயர் கிடையாது. நீங்கள் அடிக்கிற கணக்கை உங்களோடு ஆடுகிற எதிராளி ஒரு சீட்டில் எழுதுவார், அவர் கணக்கை நீங்கள் எழுதுவீர்கள். பதினெட்டுக் குழியும் முடிந்ததும் உங்கள் சீட்டை நீங்கள் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, மேஜையில் கொடுக்க வேண்டும். அடித்ததைவிடக் கூட்டி எழுதியிருந்தால் உங்கள் நஷ்டம், அப்படியே நிற்கும். குறைத்து எழுதியிருந்தால் ஆட்டத்தை விட்டே நீக்கிவிடுவார்கள். வேண்டுமென்று செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று கேட்பதே கிடையாது. கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. இது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அந்த அத்தியாயம் கிழியாமல்தான் இருந்தது.

சிங்காரத்துக்கு எழுத்துப் பழக்கம் கம்மி. அவன் அடிகளை எண்ண ஒரு வழி வைத்திருந்தான். ஆட்டம் தொடங்கும்போது வலது பையில் ஒரு பிடி காய்ந்த பட்டாணி. ஒவ்வொரு அடிக்கும் ஒன்றை எடுத்து இடது பையில் போட்டுக்கொள்வான். மகளும் அதே பழக்கம். காலேஜ் படிக்கிறவள், பட்டாணி! நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆட்டம் முடிந்தது. வராந்தாவில் ஒரு மேஜை, பூப்போட்ட விரிப்பு, டை கட்டின ஒரு பெரியவர் சீட்டு வாங்க உட்கார்ந்திருக்கிறார். சுற்றி மற்றக் காலேஜ்காரர்கள், நல்ல நல்ல ஷூ போட்டவர்கள். இவள் சீட்டில் எழுபத்தெட்டு. மற்ற இரண்டு பேரும் நூறைத் தாண்டித்தான் அடித்திருந்தார்கள், எல்லாக் காலேஜிலும் அப்படித்தான். கூட்டிப் பார்த்தால் நாங்கள் நாலு அடி வித்தியாசத்தில் ஜெயித்தாச்சு. அந்த நேரம் பார்த்து ஆபீஸ் ரூமிலிருந்து ஒருத்தன் ஓடி வந்து, உங்கள் பிரின்சிபால் லைனில் இருக்கிறார் என்கிறான். போய் எடுத்தால், "செயலாளர் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. ஜெயிச்சாச்சா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லும்" என்கிறார். "ஒரு நிமிஷம் சார், லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடி வந்தேன்.

இவள் அந்தப் பூப்போட்ட விரிப்பின் மேல் பட்டாணியைக் கொட்டி எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். மெட்ராஸ் காலேஜ் கோச், ஒரு அம்மா, கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு கேட்கிறாள்: "என்ன மாஸ்டர், சுண்டலுக்கு ஊறப்போடப் போறீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏ பிள்ளே, என்ன இது? எழுந்திரு."

"சார், ஒண்ணு கூட வருது."

"கூட வந்தா வரட்டும். பாக்கெட்ல முன்னாடியே ஒண்ணு கிடந்திருக்கும்."

"இல்ல சார். பதிமூணாவது குழியில புதர்ல விழுந்துச்சுல்ல, எடுத்து வெளிய வச்சேன். அதுக்கு அபராதம் ஒரு அடி. சீட்டு எழுதுன அந்தப் பொண்ணு அத எழுதலையோன்னு... இன்னொரு தடவ எண்ணிடறேன் சார். ரெண்டே நிமிஷம்."

"செயலாளர் லைன்ல நிக்காரு பிள்ளே! போடு கையெழுத்த."

பட்டாணியை நான்தான் கையால் கூட்டி அள்ளி அவள் ஸ்வெட்டர் பையில் போட்டேன். பேனாவையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். போட்டுவிட்டாள், சீட்டையும் மேஜையில் கொடுத்துவிட்டாள். நான் ஓடிப்போய் போனில் "தங்கம் சார்" என்றேன். அந்தப் பக்கம் பிரின்சிபால் கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது. கணக்குப் பேராசிரியர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. காலேஜில் மணி அடித்துவிட்டார்களாம்.

திரும்பி வந்தால் அந்தப் பெரியவர் எழுந்து நிற்கிறார். இவள் அவர் முன்னால் நிற்கிறாள். வராந்தாப் படியில் உட்கார்ந்து இரண்டு தடவை எண்ணியிருக்கிறாள், எழுபத்தொன்பது. நேராகப் போய்ச் சொல்லிவிட்டாள். அந்தப் பெரியவர் முதலில் அவளுக்குக் கை கொடுத்தார். அப்புறம் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அவள் பேரை அடித்தார். ஒருத்தி போனால் அணியே போச்சு.

எழுபத்தொன்பது என்றே எழுதிக் கொடுத்திருந்தாலும் மூன்று அடி வித்தியாசத்தில் நாங்கள்தான் தம்பி ஜெயித்திருப்போம். இதை நான் எத்தனை ராத்திரி கூட்டிக் கூட்டிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா.

எனக்கு வந்த கோபம்! யார் கேட்டார்கள் இவளை? கொடுத்தாச்சு, முடிந்தது, பேசாமல் இருக்க வேண்டியதுதானே? ரயிலில் வரும்போது நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதோ ஒரு ஸ்டேஷனில் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து நீட்டினாள். வாங்கவில்லை. பேக்கரிக்காரர் மகள் அதை வாங்கிக் குடித்தாள்.

காலேஜில் விசாரணை வைத்தார்கள். மணி அடித்தாச்சு, லட்டு கொடுத்தாச்சு, செயலாளருக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. அவரே உட்கார்ந்து கேட்டார்.

"கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினாங்களாம்மா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல சார்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? கையெழுத்து அவளுடையதுதானே. என்னையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். 'மாணவியின் கவனக்குறைவும் கூட்டல் பிழையும்' என்று எழுதினேன். வேறு என்ன எழுத முடியும்? ஜூன் மாசம் என்னை நிரந்தரம் பண்ணினார்கள். பதினோரு வருஷ உழைப்பைப் பார்த்துக் கொடுத்தார்கள், தங்கத்துக்காக இல்லை. பார்த்தீர்களா, தங்கம் இல்லாமலே கொடுத்தார்கள்.

அவள் மார்ச்சிலேயே நின்றுவிட்டாள். டீமை விட்டு எடுத்ததும் படிப்புக்கும் வரவில்லை. அப்பனோடு பை தூக்கப் போனாள். பிறகு வெளியூரிலிருந்து வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தாள். நல்ல பேர். மைதானத்தில் என்னைப் பார்த்தால் பையை இறக்கி வைத்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வாள். நானும் தலையை ஆட்டுவேன். இருபது வருஷத்துக்கு மேல் அவ்வளவுதான் எங்களுக்குள்.

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான்.

"ஆங், சொல்லும்மா... வந்துட்டே இருக்கேன். கல்லாறு வந்தாச்சு... சாப்பிட்டேன், சாப்பிட்டேன்... சரி... சரிம்மா. நான் பாத்துக்கறேன்."

சாப்பிட்டீங்களா என்றுதான் முதலில் கேட்கிறாள். அப்புறம் சொல்கிறாள், "நடந்தது என்னவோ அத மட்டும் சொல்லுங்க சார், கூட ஒண்ணும் வேண்டாம்" என்று. அவ்வளவு அடக்கம். நான் ரொம்பப் புகழ்ந்துவிடுவேனோ என்று கூச்சப்படுகிறாள்.

விஷயம் இதுதான். இந்தப் பள்ளிக்கூடத்தில் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கத் தலைமைக் கோச் வேண்டுமாம். இவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். டிகிரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். கடைசி நேரத்தில் கமிட்டியில் ஒருத்தர், பெங்களூரில் அவளை நீக்கின அந்தப் பழைய காகிதத்தை எங்கிருந்தோ எடுத்துக் கொண்டுவந்து, பொய்க் கணக்குக் கொடுத்து நீக்கப்பட்ட பெண்ணிடம் பிள்ளைகளை எப்படி விடுவது என்று கேட்டிருக்கிறார். இந்த விளையாட்டில் அது பெரிய அசிங்கம் தம்பி. மற்ற எதையும் மன்னிப்பார்கள், இதை மாட்டார்கள். இன்றைக்குச் சரியாக வரவில்லை என்றால் வேறொருத்தரை எடுத்துவிடுவார்கள். அதனால்தான் என்னைக் கூப்பிட்டாள்.

நானும் சும்மா போகவில்லை. லெட்டர் அடித்துக்கொண்டு வந்திருக்கிறேன், இதோ. ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடித்தார்கள். எழுத்து பொடியாக இருக்கிறது, நீங்களே படியுங்கள். சத்தமாகப் படியுங்கள், என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

ஆமாம், முதல் பக்கம் என்னைப் பற்றித்தான். பதினோரு பதக்கமும் வருஷ வாரியாக. நான் யார் என்று தெரிந்தால்தானே என் பேச்சுக்கு மதிப்பு. இரண்டாவது பக்கம் படியுங்கள். 'மேற்படி மாணவி அக்காலத்தில் பக்குவமற்ற வயதினர். அவரது கவனக்குறைவால் எனக்கும் கல்லூரிக்கும் ஏற்பட்ட இழப்பை நான் மனப்பூர்வமாக மன்னித்துவிட்டேன்.' நன்றாக வந்திருக்கிறது இல்லையா? அந்தக் கடைப் பெண்ணே நன்றாக இருக்கிறது என்று சொன்னாள்.

என்ன?

இல்லை, நீங்கள் என்ன கேட்டீர்கள், இன்னொரு தடவை சொல்லுங்கள்.

'எண்ணிக்கொண்டுதானே சார் இருந்தாள், அப்புறம் எப்படிக் கவனக்குறைவு?' என்கிறீர்கள்.

தம்பி, உங்களுக்கு இந்த விளையாட்டு தெரியாது. கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. சொன்னேனே. விதி. அச்சில் இருக்கிறது. நான் என்ன அவள் கையைப் பிடித்தா போட வைத்தேன்? பேனாதான் கொடுத்தேன். உங்கள் வயசில் எல்லாவற்றையும் இப்படிச் சுலபமாகக் கேட்டுவிடலாம். பதினோரு வருஷம் தற்காலிகப் பணியில் இருந்து பாருங்கள். ஜூன் மாசம் வந்தால் ஆபீஸ் வாசலில் எத்தனை நாள் நிற்க வேண்டியிருக்கும் என்று தெரியும்.

அந்த லெட்டரைக் கொடுங்கள். வேண்டாம், நீங்களே வைத்திருங்கள்.

இது மேட்டுப்பாளையமா? சீக்கிரம் வந்துவிட்டானே. வெயில் எப்படி அடிக்கிறது பாருங்கள், மலையை விட்டு இறங்கினாலே இப்படித்தான்.

ஒன்று சொல்கிறேன். நான் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரியிடம்கூட. அவள் செயலாளரிடம் 'இல்ல சார்' என்று சொன்னாளே, அப்போது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. 'அப்பாடா' என்று இருந்தது. உள்ளே, வயிற்றுக்குள், 'அப்பாடா'. பத்தொன்பது வயசுப் பிள்ளை அவள். வெளியே வந்து குழாயில் தண்ணீர் குடித்தேன். நிறையக் குடித்தேன். அப்புறம்தான் உள்ளே போய்க் கவனக்குறைவு என்று எழுதினேன்.

காரமடை தாண்டியாச்சா? அப்போ இன்னும் கொஞ்ச நேரம்தான்.

கொஞ்சம் கேளுங்கள். அங்கே போய் எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்க்கிறேன். 'ஐயா, அன்னைக்கு பிரின்சிபால் போனில் இருந்ததால, அவசரத்துல, கையெழுத்துப் போடச் சொல்லும்படி ஆயிடுச்சு.' இல்லை, இதில் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. இன்னொரு தடவை. 'ஐயா, என் வேலை நிலைமை அப்போ அப்படி இருந்துச்சு, ரெண்டு சின்னக் குழந்தைங்க, அதனால நான்...' இதுவும் சரியில்லை. அவர்கள் என் குழந்தைகளைப் பற்றிக் கேட்கவில்லை.

'அந்தப் பிள்ளை எண்ணிட்டு இருந்தா. நான் எண்ண விடல.'

எத்தனை வார்த்தை? ஏழு இருக்குமா? ரெண்டு பக்கம் அடித்து வைத்திருக்கிறேன் பாருங்கள்.

கேட்டதும் என்னை என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும். நான் எழுந்து பஸ் ஏறி வந்துவிடுவேன், அவள் அங்கே இருக்க வேண்டியவள். ஆனால் தம்பி, அவர்கள் முன்னால் நின்றதும் வாய் பழையபடி கவனக்குறைவு என்று ஆரம்பித்துவிட்டால்? அதுதான் எனக்குப் பயம். இருபத்தைந்து வருஷமாக அதைத்தானே சொல்லிப் பழகியிருக்கிறது.

கண்டக்டர், பெரியநாயக்கன்பாளையம் ஒண்ணு இறங்கணும்! நிறுத்திருங்க, முழங்கால் வலி, மெதுவாத்தான் இறங்குவேன்.

நகருங்கம்மா, வழி விடுங்க. எண்ணிட்டு இருந்தா. எண்ண விடல. எண்ணிட்டு இருந்தா, எண்ண விடல.

என்ன தம்பி? லெட்டரா? வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, எதையாவது எழுதிக்கொள்ளலாம்.